யாரும் எழுப்பாத வீடு

நல்லம்மாள் பதினோரு ஆண்டுகள் கர்ப்பமாக இருந்தாள். அந்த ஆண்டுகளில் ரப்பர் விலை மூன்று முறை ஏறிச் சரிந்தது, கிள்ளான் ஆறு இரண்டு முறை கரை தாண்டியது, ஐரோப்பாவில் ஒரு பெரிய யுத்தம் தொடங்கி முடிந்தது, ஏழாங்கட்டைத் தோட்டத்துக்கு நான்கு தொரைமார் வந்து போனார்கள். பிள்ளை மட்டும் வெளியே வரவில்லை. உயிரோடுதான் இருந்தது. மழைக்காலத்தில் அதற்கு விக்கல் எடுக்கும். வெயில் நாளில் தாய்க்கு முன்னால் அதற்குத் தாகம் எடுக்கும். இதற்கெல்லாம் காரணம் தண்டல் நாகையா என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். நாகையாவுக்கும் தெரியும்.

சிலாங்கூரில் அப்போது மனிதர்கள் குறைவு. 1911ஆம் ஆண்டு அரசாங்கம் தலை எண்ணியபோது சதுர மைலுக்கு நூறு பேர்கூடத் தேறவில்லை. இருந்தவர்களும் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் ரயில் பாதை ஓரத்திலும் ஈக்கள் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மிச்சமெல்லாம் காடு, சதுப்பு, கலங்கிய ஆறு. பாதையை விட்டு அரை நாள் உள்ளே நடந்தவனுக்குத் தன் பெயரை யாராவது சொல்லிக் கேட்டால் போதும் என்று ஆகிவிடும். அந்த மண்ணில் ஜனம் பிறந்து பெருகவில்லை, கப்பலில் வந்து பெருகியது. நாகப்பட்டினத்தில் ஏறினார்கள், போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கினார்கள், காடு வெட்டினார்கள், காய்ச்சல் கண்டு போனார்கள். குழிக்குள் போனதை அடுத்த கப்பல் நிரப்பியது. வந்த தமிழர்களில் மூன்று நான்கு ஆணுக்கு ஒரு பெண் இருந்தால் அதிகம். நாகையாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதில் கதை ஒன்றும் இல்லை. பெண் இல்லை, அவ்வளவுதான்.

ரயில் பாதை போட வந்த கூட்டத்தில் ஒருவராக இறங்கி, பாதை முடிந்ததும் தோட்டத்துக்கு வந்து, குரலின் பலத்தால் தண்டல் ஆனவர் அவர். விடியும் முன்னே ஆட்களை எழுப்பி, களத்தில் வரிசை கட்டி, பெயர் கூப்பிட்டு, மர நிரைக்கு அனுப்புவது தண்டலின் வேலை. இந்த வரிசைக்குப் பெரட்டு என்று பெயர். மற்ற தோட்டங்களில் மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு அதை அடித்து ஆளை எழுப்புவார்கள். ஏழாங்கட்டையில் அது தேவைப்படவில்லை. நான்கு மணிக்கு நாகையா ஒரு சத்தம் போடுவார். ஆட்கள் குடியிருந்த மூன்று லயத்தின் கதவுகளும் திறக்கும். கூரையில் சுருண்டிருக்கும் பாம்பு இறங்கிப் போகும். கத்தி படுவதற்கு முன்பே முதல் நிரை மரங்களில் பால் கசிந்துவிடும் என்பார்கள். தொரை இதை நம்பவில்லை. ஆனால் அந்த நிரையில் பால் பிடிக்கும் மங்குகளைக் கொஞ்சம் சீக்கிரமே மாட்டச் சொன்னார்.

நல்லம்மாளுக்கு ஏழாம் மாதம் நடந்தபோது அவள் புருஷன் சபாபதி வளைகாப்பு வைக்க வேண்டும் என்றான். வைப்பதற்கு ஆள் இல்லை. லயத்தில் அவளைத் தவிர நான்கு பெண்கள். இரண்டு பேர் தாலி அறுத்தவர்கள், ஒருத்தி காய்ச்சலில் கிடந்தாள், மிஞ்சியவள் ஊருக்குப் புதுசு, எதைக் கேட்டாலும் அழுவாள். அதனால் ஆண்களே நடத்துவது என்று முடிவாயிற்று. கிள்ளான் பாசாரில் துணியும் வளையலும் விற்ற நாகூர்க்காரர் கௌஸ் கடைக்கு நாகையாவே போனார்.

“எத்தனை பொம்பளைங்க வராங்க தண்டலே?” என்று கேட்டார் கௌஸ்.

“போட்டுக்கிறவ ஒருத்தி. போட்டுவிட நாப்பது ஆம்பளைங்க.”

“அல்லாவே! புள்ளை கை ஒடிஞ்சிராதா?” என்றவர், பெரிய அளவாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்.

பெரட்டுக் களத்தில் பலகை போட்டு நல்லம்மாளை உட்காரவைத்தார்கள். பால் கறை பிடித்த விரல்களோடு நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராக வந்து சந்தனம் பூசி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணாடி வளையலை மாட்டினார்கள். கத்தி பிடித்துக் காய்த்த கைகள். ஒரு வளையல்கூட உடையவில்லை. இரண்டு பேர் முடித்துவிட்டு மரத்துக்குப் பின்னால் போய் அழுதார்கள். பெண்ணின் கையைத் தொட்டு அவர்களுக்கு ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. கடைசியில் ஏதோ சொல்ல வேண்டும் என்று எல்லாரும் நாகையாவைப் பார்த்தார்கள். சிறுவயதில் தன் அக்காளின் வளைகாப்பன்று வாசலுக்கு வெளியே நின்றவர் அவர். உள்ளே பெண்கள் பாடியதில் அம்மா வீடு என்று வந்தது மட்டும் காதில் இருந்தது. தலைப்பிள்ளை அம்மா வீட்டில்தான் பிறக்க வேண்டும், அது வழக்கம். மற்றது தெரியவில்லை. பெண்கள் அதைத் தாயிடம் வாழ்த்தாகச் சொல்வார்கள் என்பதும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது ஒரே விதமான பேச்சு. வயிற்றைப் பார்த்து நிமிர்ந்து நின்று, பெரட்டுக் குரலில் சொன்னார்:

“டேய், உன்னைத்தான்! அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் வெளிய வரக் கூடாது. வெளங்குச்சா?”

வயிறு ஒருமுறை குதித்து நின்றது. எல்லாரும் சிரித்தார்கள். நல்லம்மாளும் சிரித்தாள். அந்தக் குரலுக்குக் கீழ்ப்படியாத உயிர் ஒன்று அந்தத் தோட்டத்தில் இல்லை என்பது அப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அடுத்த மாதத்திலேயே தலை எண்ணி எழுதும் கிராணி ஜெயராஜ் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்தான். மீசை சரியாக முளைக்காத பையன். நல்லம்மாளை ஒன்று என்று எழுதிக்கொண்டு, “பொறந்ததும் அடுத்த தடவ எழுதிக்கலாம் அக்கா” என்று சொல்லிவிட்டுப் போனான். பத்தாம் மாதம் போயிற்று. பன்னிரண்டாம் மாதம் போயிற்று. நாகையா ஒரு காலையில் வயிற்றின் முன் நின்று, “வெளிய வா” என்று அதே குரலில் சொல்லிப் பார்த்தார். பிள்ளை ஒருமுறை புரண்டது, யோசித்தது, திரும்பவும் பழைய பக்கமே படுத்துக்கொண்டது.

“சொன்ன பேச்ச மாத்தினா தண்டலை எவன் மதிப்பான்? அது அதுக்கும் தெரிஞ்சிருக்கு” என்றாள் நல்லம்மாள். அப்போது அவளுக்கு இன்னும் கேலி பேச முடிந்தது.

ஊருக்கு அனுப்பிவிடலாம் என்றால் முதலில் ஒப்பந்தம் விடவில்லை. பிறகு யுத்தம் வந்தது, கப்பல் குறைந்தது. கப்பல் திரும்ப வந்தபோது, எட்டு வருடக் கர்ப்பிணியை ஏற்றிக்கொள்ள எந்தக் கப்பல் டாக்டரும் சம்மதிக்கவில்லை. சபாபதியும் நாகையாவும் அவளைக் கோலாலம்பூருக்கு ரயிலில் கூட்டிப் போனார்கள். ஆஸ்பத்திரி டாக்டர் வயிற்றில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். நல்ல இதயம், அவசரமில்லாத இதயம் என்றார். திரும்பும்போது பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வண்டி நின்றது. செய்தி எப்படியோ முன்னால் போயிருந்தது. ரயில்வே பட்டறை ஆட்கள் பாதையின் இரு பக்கமும் வந்து நின்றார்கள். கரி படிந்த ஆண்கள், கண்ணுக்கெட்டிய வரை ஆண்கள். தலையில் கட்டியிருந்த துண்டை ஒவ்வொருவராக அவிழ்த்தார்கள். நல்லம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வயிற்றுக்குள் பிள்ளை எழுந்து உட்கார்ந்தது நாகையாவுக்குச் சேலைக்கு மேலேயே தெரிந்தது. வண்டி நகர்ந்தபோது அந்த ஆண்கள் ஓர் அடி பின்னால் வைத்தார்கள், தேர் நகரும்போது வைப்பார்களே அப்படி.

நல்லம்மாளோடு அது நிற்கவில்லை. பின்னால் வந்த பெண்களுக்கும் தலைப்பிள்ளை வயிற்றிலேயே நின்றது. அவர்களுக்கு யாரும் வளையல் போடவில்லை, யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் களத்தில் ஒருமுறை போட்ட உத்தரவு பிறகு வந்து சேர்கிறவனுக்கும் உத்தரவுதான். தோட்டத்தின் சட்டம் அது. அடுத்த பிள்ளைகளுக்குத் தடை இல்லை. பிள்ளையோடு கப்பலேறி வந்தவர்கள் இரண்டாவதையும் மூன்றாவதையும் பெற்றார்கள். அவற்றில் பாதி காய்ச்சலில் போயின. யுத்தம் முடிந்த வருடம் விஷக்காய்ச்சல் வந்து லயம் லயமாக ஆட்களை வாரியபோது, நான்கு வருடம், ஆறு வருடம் சுமந்துகொண்டிருந்த பெண்கள் ஒருத்திக்கும் தலைவலிகூட வரவில்லை. அவர்கள்தான் கஞ்சி காய்ச்சினார்கள், அவர்கள்தான் குழி தோண்டினார்கள். பெரிய வயிறுகளோடு வரிசையாக மண் வாரிப் போட்டதைப் பார்த்த தொரை தொப்பியைக் கழற்றிவிட்டு அன்று முழுவதும் போட்டுக்கொள்ள மறந்துவிட்டார். வயிறு இருக்கட்டும், அது ஒரு காவல்தானே என்று சில புருஷன்மார் பேசினார்கள். நல்லம்மாள் அவர்களைக் கூப்பிட்டு, “காவலுக்கு நாய் வளத்துக்குங்கடா. எனக்கு எம்புள்ளை மூஞ்சியப் பாக்கணும்” என்றாள்.

1921இல் ஜெயராஜ் திரும்ப வந்தான். ஆள் பருத்திருந்தான்.

“அக்கா, இன்னுமா?”

“இன்னும்தான் தம்பி. உனக்குமில்ல வயிறு வந்திருக்கு!”

அவன் சிரிக்கவில்லை. மூச்சு விடுகிற ஆளைத்தான் எழுத வேண்டும் என்பது விதி, பிள்ளை மூச்சு விடுகிறதா என்று கேட்டான். எனக்கும் சேர்த்து விடுகிறது என்றாள் அவள். அவன் அனுமதி கேட்டு வயிற்றில் காதை வைத்தான். உள்ளிருந்து, கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தட்டுவது போல இரண்டு தட்டு வந்தது. ஜெயராஜ் எழுந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, சிலாங்கூர் நாலு லட்சத்தைத் தொட்டுவிட்டதாகச் சொன்னான். பிறகு அவளைப் பழையபடி ஒன்று என்றே எழுதினான்.

அதே வருடக் கடைசியில் கப்பலில் வந்த புது ஆட்களோடு நல்லம்மாளின் ஊர்க்காரி மாரியாயி வந்தாள். வந்த அன்றே சேதி சொன்னாள். நல்லம்மாளின் தாய் வள்ளியம்மா செத்து இரண்டு வருடம். மழையில் வீட்டுச் சுவர் விழுந்தது. மனையைப் பங்காளிகள் உழுதுவிட்டார்கள். இப்போது அங்கே கேழ்வரகு நிற்கிறது. நல்லம்மாள் கேட்டுக்கொண்டு நின்றாள். அன்றைய மரங்களை முழுக்கச் சீவினாள், பாலைக் கொண்டுபோய் ஊற்றினாள், வாளியைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு நேராக நாகையாவின் முன்னால் வந்து நின்றாள்.

“இப்ப சொல்லுங்க தண்டலே. எந்த வீட்டுக்குப் போகட்டும்?”

நாகையா அன்று மாலையே ஆட்களைக் களத்துக்குக் கூப்பிட்டார்.

கூடிப் பேசி, லயத்தின் கோடி அறையைக் காலி செய்தார்கள். சுண்ணாம்பு அடித்தார்கள், மாவிலை கட்டினார்கள், சபாபதி கிள்ளானுக்குப் போய்ப் புதுப் பாய் வாங்கி வந்தான். இதுதான் உன் அம்மா வீடு என்று சொல்லி அவளை உள்ளே விட்டார்கள். ஒரு வாரம் இருந்தாள். பிள்ளை அசையவில்லை. அதை ஏமாற்ற முடியாது என்று தெரிந்தது. வயிற்றிலேயே பத்து வயதைத் தாண்டிய பிள்ளை. எட்டாம் நாள் நாகையா அறை வாசலில் குந்தி உட்கார்ந்தார்.

“உங்க அம்மா வீட்ல அப்படி என்னதாம்மா இருந்துச்சு?”

“ஒரு மண்ணும் இல்ல. மழைக்கு ஒழுகும். உப்பு இருந்தா புளி இருக்காது.” புதுப் பாயின் ஓரத்தை நீவினாள். “ஆனா என்னை யாரும் எழுப்ப மாட்டாங்க தண்டலே. நானா முழிச்சாத்தான் உண்டு. இந்த நாட்டுக்கு வந்து ஒரு நாளு... ஒரே ஒரு நாளு நானா முழிச்சதில்ல.”

நாகையா தரையைப் பார்த்தார். அவளை அத்தனை நாளும் எழுப்பியவர் அவர். வயிற்றில் இருந்த பிள்ளையையும் அதே சத்தம்தான் எழுப்பியிருந்தது. சிலாங்கூரில் ஆள் குறைவு, வேலை அதிகம். அதனால் இருந்த ஒவ்வொருவரும் விடியும் முன்னே எழுப்பப்பட்டார்கள். கடல் தாண்டி வந்த பெண் விடிந்தபின்னும் தூங்கலாம் என்ற வீடு, அந்த நாட்டில் எந்தத் தோட்டத்திலும் ஒன்றுகூட இல்லை.

மறுநாள் அவர் தண்டல் வேலையை விட்டார். ஆளை யார் எழுப்புவது என்று தொரை கேட்டார். தண்டவாளத் துண்டு வாங்கித் தொங்கவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, ஒரு வெட்டுக்கத்தியும் அரிசியும் எடுத்துக்கொண்டு நடந்தார். சத்தம் எட்டாத இடத்தைத் தேடினார். முதலில் பூச்சோங் பக்கம் போனார். அங்கே லம்பம் என்ற ஈயச் சுரங்கத்து இயந்திரங்கள் இரவும் பகலும் உறுமின. திரும்பி, தெற்கே இறங்கினார். விடியற்காலை நான்கு மணிக்கு நின்று காது கொடுப்பார். ஏதாவது ஒரு தோட்டத்துத் தண்டவாளம் எங்கோ டணார் டணார் என்னும். இன்னும் ஒரு நாள் நடப்பார். தண்டவாளங்கள் ஒவ்வொன்றாகப் பின்தங்கின. கிள்ளான் ரயிலின் ஊதலும் தேய்ந்தது. ஜெஞ்சாரோமைத் தாண்டி, லங்காட் ஆற்றின் ஒரு வளைவில், ஒரு விடியலில் அவர் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. காடு இருந்தது, தண்ணீர் இருந்தது, வெளிச்சம் தானாக வந்துகொண்டிருந்தது. யாரும் அதைக் கூப்பிடவில்லை. மனிதன் எண்ணி முடிக்காத அந்த நிலம் அவர் காலடியில் தொடங்கி எங்கெங்கோ போயிற்று. காலி என்று அதிகாரிகள் எழுதிவைத்த இடம். ரயில் பாதைக்காக அந்த மாதிரி காட்டை எத்தனையோ மைல் வெட்டியவர் அவர். முதல் முறையாக அதன் முன்னால் செருப்பைக் கழற்றினார்.

அங்கே அவர் வீடு கட்டினார். நீபா ஓலைக் கூரை, பலகைத் தரை, ஒரு கதவு. பக்கத்து மலாய்க் கிராமத்தின் மருத்துவச்சி மா தீமா அடிக்கடி வந்து பார்த்தாள். ஒற்றை ஆண் எதற்காக இரண்டு அடுப்பு போடுகிறான் என்று கேட்டாள். மகள் பிரசவத்துக்கு வருகிறாள் என்றார் நாகையா. எத்தனை மாதம் என்றாள். மாதமாகச் சொல்ல முடியாமல் பதினோரு வருடம் என்றார். மா தீமா வெற்றிலையை மறுகன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, அப்படியானால் இஞ்சி நிறையத் தேவைப்படும் என்றாள்.

வீடு முடிந்து நாகையா சேதி அனுப்பியதும், சபாபதி நல்லம்மாளை மாட்டுவண்டியில் கொண்டுவந்து பாதை முடியும் இடத்தில் இறக்கிவிட்டான். தாய் வீட்டு வாசல்வரை புருஷன் வந்து விடுவது வழக்கமில்லை என்பதால் அங்கேயே திரும்பினான். அவள் மூட்டையோடு ஒற்றையடிப் பாதையில் நடந்தாள். நாகையா காலையிலிருந்து வழியைப் பார்த்தபடி வாசலில் நின்றிருந்தார். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு வாரமாக யோசித்து வைத்ததெல்லாம் அவள் தலை தெரிந்ததும் மறந்துபோயிற்று. பதினோரு வருட வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்தவளைப் பார்த்து அவர் வாயில் வந்தது இதுதான்:

“என்னடி, இப்படி எளைச்சுப் போயிட்ட?”

நல்லம்மாள் மூட்டையைக் கீழே வைத்தாள். பிறகு விடுவிடுவென்று உள்ளே போய், “சோறு ஆச்சா இல்லையா? பசி உயிர் போவுது” என்று அதட்டினாள். தோட்டத்தில் அவள் யாரையும் அப்படி அதட்டியதில்லை. குழம்பில் உப்பு இல்லை என்றாள். கூரையில் ஓலை சரியில்லை என்றாள். மூன்று தட்டுச் சோறு தின்றாள். வெளிச்சம் இருக்கும்போதே கால் நீட்டிப் படுத்துத் தூங்கிப்போனாள்.

நாகையா கதவுக்கு வெளியே உட்கார்ந்து காவல் இருந்தார். நான்கு மணி ஆயிற்று. அவர் வேலையை விட்டிருந்தார், வேலை அவரை விட்டிருக்கவில்லை. முப்பது வருடமாக அந்த நேரத்துக்கு வந்த சத்தம் அன்றும் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. காடு தேடி நடந்த நாட்களில் அதை வெட்டவெளியில் கத்தித் தீர்த்திருந்தார். இப்போது முதுகுக்குப் பின்னால் அவள் தூங்குகிறாள். அவர் துண்டைச் சுருட்டி வாய்க்குள் திணித்தார். சத்தம் தொண்டைவரை வந்து முட்டியது. கண் பிதுங்கியது, கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது. பல்லைக் கடித்து அதை விழுங்கினார். கல்லை விழுங்கியது போல அது கீழே இறங்கியது. மூன்று லயத்தை எழுப்பிய அந்தக் குரல் அதற்குப் பிறகு அவரிடம் மேலே வரவேயில்லை.

வீட்டுக்குள் பிள்ளை வழக்கம் போல அந்த நேரத்துக்கு விழித்து, சத்தத்துக்குக் காத்திருந்தது. சத்தம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தது. விடிந்தது. வெயில் பலகை இடுக்கில் நுழைந்து நல்லம்மாளின் காலில் ஏறியது, இடுப்புக்கு வந்தது. யாரும் எழுப்பவில்லை. வந்து சேர்ந்துவிட்டோம் என்று அதற்கு அப்போது தெரிந்தது.

இஞ்சியோடு வந்த மா தீமா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு நாகையாவைக் கூப்பிட்டாள். நல்லம்மாள் தூக்கத்தில் புன்னகைத்துக்கொண்டிருந்தாள். வயிறு மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது, அலை பின்வாங்குவது போல. எழுப்பலாமா என்று அவர் சைகையில் கேட்டார். “பியார்லா” என்றாள் மா தீமா. விடு என்று அர்த்தம். உச்சி வெயிலில், தாய் தூங்கிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை பிறந்தது. பெண். மற்றப் பிள்ளைகளின் எடைதான். தலைமுடி மட்டும் கணுக்கால்வரை இருந்தது. அழவில்லை. கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தது, மருத்துவச்சியைப் பார்த்தது, நாகையாவைப் பார்த்து நீளமாக ஒரு கொட்டாவி விட்டது. பறவைகள் சத்தம் போடவில்லை. ஆறு ஓடியது, ஆனால் ஓசை இல்லாமல் ஓடியது. நல்லம்மாள் பிற்பகலில் தானாக விழித்தாள். பக்கத்தில் கிடந்ததை வெகுநேரம் பார்த்தாள். பதினோரு வருடம் பார்க்க நினைத்த முகம். மூக்கு சபாபதி மாதிரி என்றாள், கொஞ்சம் ஏமாற்றமாக. வள்ளியம்மா என்று பெயர் வைத்தாள்.

மூன்றாம் நாள் சபாபதி வந்தான். வருகிற வழியெல்லாம் தண்டலைக் கிண்டல் செய்ய ஒரு வாக்கியம் தயார் செய்துகொண்டு வந்தான். இத்தனை வருடம் வசவு வாங்கியவன், அவனுக்கும் ஒரு நாள் வேண்டாமா. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் நாகையா எழுந்தார். ஒரு கணம் நின்றார். பிறகு துண்டைத் தோளில் போர்த்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். மருமகன் முன்னால் மாமியார் வந்து நிற்பதில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து தணிந்த குரல் வந்தது. “மாப்பிள்ளைக்குக் கால் கழுவத் தண்ணி குடும்மா.”

சபாபதி தயார் செய்து வந்த வாக்கியம் வாயிலேயே நின்றது. கால் கழுவினான். மருமகன் உட்கார வேண்டிய இடத்தில் பாய் விரித்திருந்தது, உட்கார்ந்தான். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. வெட்டுக்கத்தி பிடித்துக் காய்த்த கை. அதில் காய்ச்சிய வெல்லப் பாகுத் தட்டு இருந்தது. தின்றான். பிள்ளையைப் பார்த்தான், தொட்டான், அழுதான், மூக்கைச் சிந்தினான். கிளம்பும்போது கதவைப் பார்த்து, எப்போது கூட்டிப் போகலாம் என்று மரியாதையாகக் கேட்டான்.

“அஞ்சாம் மாசம் வந்து கூட்டிப் போங்க. அதுவரைக்கும் புள்ளை இங்கேயே தூங்கட்டும்.”

“சரிங்க அத்தை” என்றான் சபாபதி.

அப்படிச் சொன்னதில் அவனுக்கு எதுவும் விசித்திரமாகப் படவில்லை. தோட்டத்துக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னபோது கேட்டவர்களுக்கும் படவில்லை. மறுநாளே எட்டு வருடக்காரி ஒருத்தியும் ஆறு வருடக்காரி ஒருத்தியும் மூட்டை கட்டினார்கள். அடுத்த மாதம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் வந்தார்கள், சாதாரணப் பத்து மாதக்காரிகள், உத்தரவு எதுவும் இல்லாதவர்கள், சும்மா ஒரு நாள் தூங்கிப் பெற்றுக்கொள்ளலாம் என்று. நாகையா எல்லாரையும் இளைத்துப்போனதாகத் திட்டினார். அந்த வட்டாரத்தில் அந்த வருடம் முதல் முறையாகக் குழிக்குள் போனவர்களைவிடத் தொட்டிலுக்கு வந்தவர்கள் அதிகம். கப்பல் நிற்கவில்லை, ஆனால் ஜனம் பெருக இனி அதை மட்டும் நம்பியிருக்கவில்லை. காலி என்று எழுதப்பட்ட நிலத்தை அளக்க வந்த சர்வேயர், நடுப்பகலில் வரிசையாகத் தூங்கிய பெண்களைப் பார்த்துவிட்டு, அளவுச் சங்கிலியைச் சத்தம் கேட்காமல் தூக்கிக்கொண்டு போகும்படி தன் ஆட்களிடம் சொல்லி, எல்லைக் கோட்டைத் தள்ளிப் போட்டார்.

1928 தீபாவளிக்குத் தாய் வீட்டுக்கு வந்த மருமகன்கள் இருபத்தேழு பேர். சட்டையில் மஞ்சள் தடவி, தலையில் எண்ணெய் வைத்து, ஆற்றங்கரையிலிருந்து வாசல்வரை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வள்ளியம்மா நீண்ட தலைமுடியை இடுப்பில் முடிந்துகொண்டு எல்லாருக்கும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்று முழுவதும் நாகையா வெளியே வரவேயில்லை. கதவுக்குப் பின்னால் நின்றபடியே, யாருக்கு இன்னும் இலை போடவில்லை என்று மெல்லிய குரலில் கேட்டுக்கொண்டிருந்தார்.